வரிசையில் நின்று நன்மை வாங்கிவிட்டேன். சம்பந்தி வீட்டாரிடம் எப்படிச் சொல்வது?

சிங்கப்பூரின் வடக்குப் பகுதியில் வசிக்கும் ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல், இந்து. மகளுக்கும் ஒரு தமிழ்க் கத்தோலிக்க இளைஞருக்கும் அடுத்த ஆண்டு திருமணம் என்று இரு வீட்டாரும் பேசி முடித்திருக்கிறார்கள். மூன்று வாரங்களுக்கு முன்பு மாப்பிள்ளையின் பாட்டி இறந்துவிட்டார். புளோக்குக் கீழே வைத்திருந்த நாட்களில் இவர் தினமும் போய், வருகிறவர்களுக்குக் காபி தண்ணீர் கொடுத்துக் கூடமாட இருந்திருக்கிறார். கடைசி நாள் காலை ஆலயத்தில் அடக்கத் திருப்பலி (பூசை), அதன்பின் மண்டாய் தகனச்சாலை. திருப்பலியின் பிற்பகுதியில் எல்லோரும் எழுந்து வரிசையாக முன்னே போனார்கள். தான் மட்டும் உட்கார்ந்திருந்தால் இறந்தவருக்கு மரியாதை இல்லை என்று நினைத்து இவரும் போனார். முன்னால் நின்றவர் செய்ததைப் பார்த்துக் கையை நீட்டினார். காசு அளவில், வெள்ளையாக, மெல்லிய அப்பம் ஒன்றை உள்ளங்கையில் வைத்தார்கள். கத்தோலிக்கர் நற்கருணை என்றும் நன்மை என்றும் சொல்வது அதைத்தான். பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீட்டுக்காரருக்கும் கொடுக்கலாமே என்று டிஷ்யூவில் மடித்துக் கைப்பையில் வைத்தார்.

இருக்கைக்குத் திரும்பியதும் ஆலயத்தில் உதவி செய்யும் ஒரு பெண்மணி வந்து, "வாங்கினீங்களா? சாப்பிட்டீங்களா? நீங்க கிறிஸ்டியனா?" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கிற குரலில் கேட்டிருக்கிறார். பயத்தில் "சாப்பிட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டார் இவர். அந்த அப்பம் இப்போது வீட்டுச் சாமி அறையில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், அதே டிஷ்யூவில் இருக்கிறது. நான் செய்தது பாவமா? யாராவது புகார் கொடுத்தால் வழக்கு வரும் என்கிறாரே வீட்டுக்காரர்? கடலில் கரைத்துவிடலாமா? சம்பந்தி வீட்டாருக்குத் தெரிந்தால் மகள் கல்யாணம் என்னவாகும்? முப்பதாம் நாள் திருப்பலிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகலாமா? இப்படிக் கேள்வி மேல் கேள்வி. கடைசியில் கோபமாக ஒரு வரி: "நொவீனா கோயிலுக்குப் பல வருஷமாகச் சனிக்கிழமை போய் மெழுகுவத்தி ஏற்றுகிறேன், யாரும் என்னைத் தடுத்ததில்லை. பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலை போடாமல் விடுவது என்ன நியாயம்? கல்யாணத்தன்றும் நான் இப்படித்தான் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டுமா?"

அன்புச் சகோதரி,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் குடும்ப ஆலோசகர், பிறப்பால் கத்தோலிக்கர். குருவானவர் இல்லை. ஆகவே திருச்சபையின் சார்பில் தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் இரண்டு சமயத்துக் குடும்பங்கள் சம்பந்தம் செய்யும்போது எங்கே சிக்கல் வரும் என்பது எனக்குத் தெரியும். உங்கள் சிக்கல் தீரக்கூடியது. மகள் கல்யாணம் இதனால் நின்றுபோகாது. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள்.

அந்தப் பெண்மணி உங்களிடம் பேசிய விதம் தவறு. துக்க வீட்டுக்கு வந்த விருந்தாளியை நாலு பேர் முன்னால் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து காதோடு கேட்டிருந்தால் நீங்களும் பயந்து பொய் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆனால் அவர் ஏன் அவ்வளவு பதறினார் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அது புரிந்தால் மற்றதெல்லாம் புரியும்.

கோயிலில் கை நீட்டுகிறவர் யார், என்ன ஊர் என்று கேட்காமல் பிரசாதம் கொடுப்போம். அந்தப் பழக்கத்தில்தான் நீங்களும் கை நீட்டினீர்கள். கத்தோலிக்கருக்கு நற்கருணை பிரசாதம் அல்ல. புளிக்காத கோதுமை மாவில் செய்த அந்த அப்பம், திருப்பலியில் குருவானவர் இயேசுவின் கடைசி இரவுணவு வார்த்தைகளைச் சொன்னபின் கிறிஸ்துவின் உடலாகவே ஆகிவிடுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அடையாளமாக என்று கூடச் சொல்ல மாட்டார்கள்; உண்மையாகவே அவர் அங்கே இருக்கிறார் என்பார்கள். மீதியாகும் அப்பங்களைப் பேழையில் வைத்துப் பூட்டி, பக்கத்தில் விளக்கு எரியவிட்டு, அதன் முன் மண்டியிடுவதும் அதனால்தான். கொடுப்பவர் "கிறிஸ்துவின் உடல்" என்று சொல்ல, வாங்குபவர் "ஆமென்" என்பார். இந்த நம்பிக்கையை ஏற்கிறேன், இந்தச் சபையில் ஒருவராக இருக்கிறேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லும் ஒப்புதல் அது. வாங்கியவர் அங்கேயே, அப்போதே உண்ண வேண்டும். யாராவது கையில் வைத்துக்கொண்டு நடந்தால் கவனிக்க வேண்டியது கொடுப்பவரின் கடமை. வீட்டுக்குக் கொண்டுபோய் அவமதிக்கவோ, மாந்திரீகம் மாதிரி எதற்காவது பயன்படுத்தவோ கூடாதே என்ற அச்சம் திருச்சபைக்கு நெடுங்காலமாக உண்டு. அந்தப் பெண்மணியின் பதற்றத்துக்குக் காரணம் அதுதான். உங்கள் சாதியோ சமயமோ அவர் கண்ணை உறுத்தியதாக எனக்குத் தோன்றவில்லை.

இலை போடாமல் விட்டார்களே என்கிறீர்கள். தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும் சீனரும் கிறிஸ்தவரும் கூடவே நடந்து வருகிறார்கள். பால்குடத்துக்கு வழி விடுகிறார்கள், தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள். யாரும் அவர்களைத் தடுப்பதில்லை. ஆனால் விரதம் இல்லாமல், வேண்டுதல் இல்லாமல், எல்லோரும் தூக்குகிறார்களே என்று ஒருவர் வந்து காவடியைத் தோளில் வைத்துக்கொண்டால் நமக்கு எப்படி இருக்கும்? அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டோம். அது அவர் எடுத்த நேர்த்தி இல்லையே என்போம். நன்மை வாங்கும் வரிசையும் அந்த மாதிரிதான். ஆலயத்துக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம். அந்த வரிசை மட்டும் நேர்ந்துகொண்டவர்களுக்கு.

இன்னொன்று. அன்று எல்லோரும் எழுந்து போனார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் கத்தோலிக்கர் எல்லோருமே ஒவ்வொரு திருப்பலியிலும் நன்மை வாங்குவதில்லை. கனமான பாவம் ஒன்று மனதில் இருந்தால் பாவசங்கீர்த்தனம் செய்யாமல், அதாவது குருவானவரிடம் அதை அறிக்கையிடாமல், வாங்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்தே தண்ணீரும் மருந்தும் தவிர வேறெதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. (நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் இதில் விலக்கு உண்டு.) முதல் நன்மை என்ற சடங்கு இன்னும் முடியாத குழந்தைகள் வாங்க முடியாது. விவாகரத்துக்குப் பின் திருச்சபை ஏற்காத மறுமணம் செய்தவர்களும் பொதுவாக வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்கு வருவது கட்டாயம். நன்மை வாங்குவதோ ஆண்டுக்கு ஒரு முறையாவது என்பதுதான் சட்டம். வாங்கப் போவதற்குச் சற்று முன்னால், "ஆண்டவரே, நான் தகுதியற்றவன்" என்ற பொருளில் ஒரு மன்றாட்டை வாங்குகிறவர்கள் உட்பட எல்லோரும் சொல்கிறார்கள். உட்கார்ந்திருக்கிறவர் தாழ்ந்தவர், எழுந்து போகிறவர் உயர்ந்தவர் என்ற கணக்கு அங்கே கிடையாது. பெஞ்சில் நீங்கள் இருந்திருந்தால் பக்கத்திலேயே இன்னும் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

நொவீனா விஷயத்தில் நீங்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டீர்கள். சனிக்கிழமை அங்கே நடப்பது சகாய மாதா நவநாள் வழிபாடு. பாட்டு, மன்றாட்டு, வேண்டுதல் கடிதங்கள் எல்லாம் உண்டு. அது தனி, திருப்பலி தனி. நவநாளுக்குச் சமயம் பார்க்காமல் எல்லோரும் வருகிறார்கள், வரலாம். மெழுகுவத்தி ஏற்ற, பூ வைக்க, வாசலில் தீர்த்தம் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்ள, குருத்து ஞாயிறன்று ஓலை வாங்க, விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளக்கூட ஞானஸ்நானம் தேவையில்லை. வேளாங்கண்ணியில் பார்த்திருப்பீர்களே, கூட்டத்தில் நிறையப் பேர் இந்துக்கள்தான். இத்தனைக்கும் இடம் கொடுக்கிற ஒரு சபை ஒரே ஒன்றை மட்டும் தனியாக வைத்திருக்கிறது என்றால், அது அவர்களுக்கு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

பாவமா, குற்றமா?

கத்தோலிக்கப் போதனைப்படி ஒரு செயல் சாவான பாவமாக மூன்று வேண்டும்: காரியம் கனமானதாக இருக்க வேண்டும், அது தவறு என்று முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தே மனம் ஒப்பிச் செய்திருக்க வேண்டும். உங்களிடம் பின்னிரண்டும் இல்லை. நற்கருணையைத் தூக்கி எறிகிறவர், அவமதிக்கும் நோக்கத்தோடு எடுத்துச் செல்கிறவர் ஆகியோருக்குத் திருச்சபைச் சட்டத்தில் மிகக் கடுமையான தண்டனை உண்டு என்பது உண்மை. ஆனால் அந்தச் சட்டம் கத்தோலிக்கரைத்தான் கட்டும், உங்களைக் கட்டாது. உங்கள் நோக்கமும் அதற்கு நேர்மாறானது. கண்ணில் ஒற்றிக்கொண்டு, வீட்டிலேயே சுத்தமான இடம் எது என்று பார்த்து வைத்திருக்கிறீர்கள்.

வழக்கு என்று வீட்டுக்காரர் பயப்படுவது தேவையற்றது. இந்த நாட்டில் 1990லேயே சமய நல்லிணக்கத்தைக் காக்கத் தனிச் சட்டம் போட்டார்கள். அது சமயங்களுக்கிடையில் பகையை மூட்டுவது, ஒரு சமயத்தாரின் மனத்தை வேண்டுமென்றே புண்படுத்துவது போன்றவற்றைப் பற்றியது. அறியாமல் தப்பான வரிசையில் நின்றவரை அது தேடி வராது. ஆனால் ஒரு எச்சரிக்கை: கோபத்தில் இந்தச் சம்பவத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதாதீர்கள். "கிறிஸ்தவர்கள் நம்மை இப்படி நடத்தினார்கள்" என்று ஒருவர் எழுத, பத்துப் பேர் அதை வேறு குழுக்களுக்கு அனுப்ப, அப்புறம் அது உங்கள் கையில் இருக்காது. அதைப் படிக்கிறவர்களில் உங்கள் சம்பந்தியும் இருக்கலாம். "இனி அந்தக் கோயில் வாசலை மிதிக்காதே" என்று வீட்டுக்காரர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மனைவி அவமானப்பட்டாள் என்ற வேதனையில் சொன்ன வார்த்தை அது. இந்தக் கடிதத்தை அவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

சாமி அறையில் இருக்கும் அப்பம்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். கடலில் கரைக்க வேண்டாம். துளசி மாடத்தில் போட வேண்டாம். குப்பையில் போடவே கூடாது. பரிகாரம் என்று நினைத்து நீங்களோ வீட்டுக்காரரோ சாப்பிடவும் வேண்டாம். மூன்று வாரம் ஆகிவிட்டதே, பழசாகியிருக்குமே என்றால், அப்பத்தின் உருவம் இருக்கும்வரை கிறிஸ்து அதில் இருக்கிறார் என்பதுதான் கத்தோலிக்கரின் நம்பிக்கை. நாள் கணக்கு இல்லை.

டிஷ்யூவைப் பிரிக்காமல் அப்படியே ஒரு சிறிய சுத்தமான டப்பாவில் வையுங்கள். எந்தக் கத்தோலிக்க ஆலயத்திலும் குருவானவரிடம் கொடுக்கலாம். அதே ஆலயத்துக்குப் போகக் கூச்சமாக இருந்தால் வீட்டுக்குப் பக்கத்து ஆலயம் போதும். தமிழில் பேச வேண்டும் என்றால் ஓஃபிர் சாலையில் 1888ல் தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் கட்டிய லூர்து அன்னை ஆலயம் இருக்கிறது. முன்கூட்டியே அலுவலகத்துக்குப் போன் செய்து, ஃபாதரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அலுவலகத்தில் இருப்பவரிடம் விவரம் சொல்ல வேண்டியதில்லை. அவரிடம் கொடுத்துவிட்டும் வராதீர்கள். ஃபாதரிடம் நீட்டி முழக்க வேண்டாம்: "நான் இந்து, ஃபாதர். அடக்கப் பூசையில் தெரியாமல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். மரியாதையாகத்தான் வைத்திருந்தேன். திருப்பிக் கொடுக்க வந்தேன்." அவ்வளவுதான். தண்ணீரில் முழுதாகக் கரைத்து, நேரே மண்ணுக்குள் போகும்படி ஊற்றுவது போல அவர்களுக்கென்று முறை இருக்கிறது. அவர் பார்த்துக்கொள்வார். உங்களைத் திட்டமாட்டார். கொண்டுவந்து கொடுத்தீர்களே என்று நிம்மதிப்படுவார்.

சம்பந்தியிடம் சொல்வதா வேண்டாமா?

மூன்று வழி இருக்கிறது. ஒன்று, யாரிடமும் எதுவும் சொல்லாமல் விட்டுவிடுவது. இது வேண்டாம். இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கர் வட்டம் சிறியது. உங்களைக் கேள்வி கேட்ட அந்தப் பெண்மணிக்கு உங்கள் சம்பந்தியம்மாவைத் தெரிந்திருக்க நிறைய வாய்ப்புண்டு. ஏற்கனவே அவர் காதுக்குப் போயிருக்கலாம். உங்கள் வாயால் வராமல் வேறொருவர் வாயால் போகும் செய்தி எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் போகும்.

இரண்டாவது, குருவானவரிடம் கொடுத்துவிட்டு அதோடு முடித்துக்கொள்வது. சமயக் கணக்குப்படி இது போதும். அதற்கு மேல் உங்களுக்குக் கடமை எதுவுமில்லை. சம்பந்தியம்மா கடுகடுப்பானவர், துக்கத்தில் இருக்கிறார், இப்போது சொன்னால் ஊதிப் பெரிதாக்குவார் என்று உங்களுக்குத் தோன்றினால் இந்த வழியில் தப்பில்லை.

மூன்றாவது, கொடுத்துவிட்டு வந்து அவரிடமும் சொல்வது. உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்தால் நான் இதைத்தான் சொல்வேன். அந்த நாட்கள் முழுக்க அவர் வீட்டுத் துக்கத்தில் பங்கெடுத்திருக்கிறீர்கள். "அண்ணி இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன்" என்று அவரே சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவரிடம் ஒளிக்க இதில் என்ன இருக்கிறது? ஆனால் எது முதலில் என்பது முக்கியம். முதலில் அப்பம் ஃபாதர் கைக்குப் போகட்டும். அதற்குப் பிறகுதான் பேச்சு. "என் வீட்டில் இருக்கிறது, என்ன செய்வது" என்று கேட்டால் அவருக்குப் பதற்றம். "தெரியாமல் நடந்துவிட்டது, ஃபாதரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்" என்றால் அவருக்கு உங்கள் மேல் மரியாதை கூடும். அன்று பயத்தில் சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொன்னதையும் மறைக்காதீர்கள். மகள் மூலமாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். கல்யாணம் முடியுமுன்பே அந்த வீட்டுக்கு மகளைத் தூது அனுப்புவது நல்ல தொடக்கமில்லை. நேரில் போய்ச் சொல்லுங்கள், முடியாவிட்டால் போனில். எழுத்தில் வேண்டாம்.

முப்பதாம் நாள் திருப்பலி

கட்டாயம் போங்கள். போகாவிட்டால்தான் கேள்வி வரும்.

எல்லோரும் நிற்கும்போது நில்லுங்கள், உட்காரும்போது உட்காருங்கள். அவர்கள் மண்டியிடும்போது நீங்கள் மண்டியிட வேண்டியதில்லை; முழங்கால் வலி இருந்தால் யாருமே மண்டியிடுவதில்லை. உட்கார்ந்து தலையைக் கொஞ்சம் குனிந்திருந்தால் போதும். சிலுவை அடையாளம் போடத் தெரியாவிட்டால் போட வேண்டாம், ஜெபங்களைச் சொல்லவும் வேண்டாம். சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வரும். அப்போது பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்புங்கள். கைகூப்புவதும் அங்கே அதே சமாதானத்தைத்தான் சொல்கிறது. காணிக்கைப் பை வந்தால் போடலாம், போடாமலும் விடலாம்.

அந்தச் சமாதானம் முடிந்த சிறிது நேரத்தில் வரிசை நகரத் தொடங்கும். உங்கள் பெஞ்சில் உள்ளவர்கள் எழுந்தால், அவர்கள் வெளியே போக வழி விட்டு நின்று, மீண்டும் உட்கார்ந்துகொள்ளுங்கள். இதற்காகவே பெஞ்சின் உள்பக்க ஓரமாக உட்காருவது வசதி. யாருக்கும் இடைஞ்சல் இருக்காது, யாரும் உங்களைத் தாண்டிப் போக வேண்டியிருக்காது. அந்த நேரத்தில் இறந்த பாட்டிக்காக உங்கள் முறைப்படி மனதுக்குள் வேண்டிக்கொள்ளுங்கள். யாரும் அதைத் தவறாக நினைக்கப் போவதில்லை.

பல ஆலயங்களில் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. நன்மை வாங்காதவர் வரிசையில் போய், இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டால், கொடுப்பவர் ஒரு ஆசீர் சொல்லி அனுப்புவார். திருப்பலி முறை நூலில் அப்படி ஒரு சடங்கு கிடையாது, பழக்கத்தில் வந்தது. எல்லா ஆலயங்களிலும் ஒரே மாதிரியும் இல்லை. சம்பந்தியம்மா "வாங்க அண்ணி, என்னோடு வந்து ஆசீர் வாங்குங்க" என்று கூப்பிட்டால் போகலாம்; அவரே முன்னால் நின்று காட்டுவார். நீங்களாகத் தனியே போக வேண்டாம் என்பது என் யோசனை. நடுவில் கை தடுமாறினால் மறுபடியும் அப்பம் உள்ளங்கைக்கு வந்துவிடும். ஒருவேளை அப்படி வந்துவிட்டால் பதற வேண்டாம். "நான் கத்தோலிக்கர் இல்லை" என்று சொல்லி அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்த இடத்தில் என் கத்தோலிக்க மக்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அடக்கத் திருப்பலிக்கும் திருமணத்துக்கும் மற்ற சமயத்தார் நிறையப் பேர் வருவார்கள் என்று நமக்குத் தெரியும். நன்மை கொடுக்கத் தொடங்குமுன் குருவானவர் அரை நிமிடம் அறிவிப்புச் செய்தால் போதும். சில இடங்களில் அழகாகச் செய்கிறார்கள். சில இடங்களில் ஆங்கிலத்தில் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வந்திருக்கும் பெரியவர்கள் பாதிப் பேருக்கு அது காதில் விழுவதே இல்லை. துக்க வீட்டார் தங்கள் பக்கத்தில் ஒருவரை அனுப்பி, இந்து உறவினர்களோடு உட்காரச் சொல்லலாம். உங்களுக்கு நேர்ந்தது அன்று யாரும் பக்கத்தில் இல்லாததால் நேர்ந்தது. அதில் பெரும்பங்கு எங்களுடையது.

உங்கள் நாத்தனார் மெதடிஸ்ட் சபை, "எங்கள் சபையில் எல்லோரையும் திருவிருந்துக்கு அழைப்போம், இவர்கள்தான் கஞ்சத்தனம்" என்றாராம். அவர் சபையின் வழக்கத்தைப் பற்றி அவர் சொல்வது சரியாக இருக்கலாம். பிற சபையாரையும் அழைக்கும் சபைகள் உண்டு. ஆனால் கத்தோலிக்கரின் சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஞானஸ்நானம் பெற்றவராக இருந்தாலும் உங்கள் நாத்தனாரும் கத்தோலிக்க ஆலயத்தில் நன்மை வாங்க முடியாது. சாகும் தறுவாய் போன்ற மிக அவசரமான சில நிலைகளில்தான், அதுவும் நிபந்தனைகளோடு, விலக்கு உண்டு. அதே போல உங்கள் சம்பந்தி, நாத்தனாரின் சபைக்குப் போனால் அங்கே திருவிருந்து வாங்கக் கூடாது. ஆக இது இந்துவைத் தள்ளி வைக்கும் விதி இல்லை.

கல்யாணத்தன்று

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தபோது, அப்பத்தைவிட இதுதான் உங்களை அதிகம் அரிக்கிறது என்று புரிந்தது. பெண்ணைப் பெற்றவள், ஊரே பார்க்க, தனியாக உட்கார்ந்திருப்பேனோ என்று பயப்படுகிறீர்கள்.

அப்படி நடக்காது. கத்தோலிக்கருக்கும் ஞானஸ்நானம் பெறாதவருக்கும் ஆலயத்தில் நடக்கும் திருமணத்தைத் திருப்பலியோடு சேர்த்து நடத்துவதில்லை. வேதாகம வாசகம், பிரசங்கம், திருமண ஒப்பந்தம், மன்றாட்டு, ஆசீர் என்று அதற்குத் தனி முறை இருக்கிறது. நன்மை கொடுக்கும் பகுதியே அதில் வராது. வரிசையும் இல்லை, யார் போகலாம் யார் போகக் கூடாது என்ற பேச்சும் இல்லை. கல்யாணத்தில் இரு வீட்டாரில் ஒரு பாதி எழுந்து போய் மறு பாதி உட்கார்ந்திருக்கும் நிலை வரக் கூடாது என்ற அக்கறையும் இந்த முறைக்குப் பின்னால் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் யாராவது "பூசையோடு வைத்தால்தான் கல்யாணம்" என்று சொன்னால், ஃபாதரைக் கேட்டுக்கொள்ளலாம் என்று பதில் சொல்லுங்கள்.

மகள் மதம் மாறினால்தான் ஆலயத்தில் கல்யாணம் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். தவறு. ஞானஸ்நானம் பெறாதவரை மணக்கப் பேராயரிடமிருந்து விலக்கு அனுமதி வாங்க வேண்டும், அதைப் பங்குத்தந்தை (ஆலயத்தின் பொறுப்பில் இருக்கும் குருவானவர்) விண்ணப்பித்து வாங்கித் தருவார். மாப்பிள்ளை தன் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதாகவும், பிறக்கும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வதாகவும் வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாக்கைப் பற்றி உங்கள் மகளுக்குச் சொல்லப்படும். மகள் அப்படி வாக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. ஆனால் இதில்தான் பின்னால் உரசல் வரும். பேரக்குழந்தை பிறந்தபின் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் தம்பதிகளை நிறையப் பார்க்கிறேன். இப்போதே பேசச் சொல்லுங்கள். பேசவேண்டியது அவர்கள் இருவரும். நீங்களும் சம்பந்தியும் இல்லை.

காலையில் கோயிலில் தாலி, மாலையில் ஆலயத்தில் மோதிரம் என்று இரண்டும் வைக்கலாமா என்பதையும் இப்போதே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஒரே திருமண ஒப்புதலை இரண்டு சமயச் சடங்குகளில் தருவதைத் திருச்சபைச் சட்டம் அனுமதிப்பதில்லை. மண்டபத்துக்கு முன்பணம் கட்டியபின் இது தெரிய வந்தால் இரு வீட்டுக்கும் மனக்கசப்புதான் மிஞ்சும். நலங்கு, மருதாணி, வரவேற்பு போன்றவற்றில் உங்கள் வீட்டு வழக்கத்துக்கு இடம் இருக்கிறது. எது சரி, எது கூடாது என்பதைக் கல்யாணத்தை நடத்தப் போகும் குருவானவர்தான் சொல்ல வேண்டும். திருமண ஆயத்த வகுப்புக்கும் அனுமதிக்கும் பல மாதம் பிடிக்கும் என்பதால், மகளும் மாப்பிள்ளையும் இந்த மாதமே அவரைப் போய்ப் பார்க்கட்டும். விலக்கு அனுமதிக்கு உங்கள் பக்கத்திலிருந்து என்ன ஆவணம் வேண்டும், தாலியை எங்கே எப்போது கட்டலாம், பெண்ணின் பெற்றோர் ஆலயத்தில் எந்தப் பங்கு எடுக்கலாம் என்று மூன்றையும் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.